கழுவியாச்சு, ஓகே!

ரெண்டு மூணு வாரமா இந்தப் பக்கம் ஈ ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. பட்டறையில தலைக்கு மேல வேலை. இன்னிக்கும் எழுதற ஐடியா இல்லீங்க. ஆனா சக பதிவர் ஒருத்தர் போட்ட பதிவைப் படிச்சதுல இருந்து கை நமநமங்குது. பேர் வேண்டாம். நல்ல மனுசன், நேர்ல பார்த்தா டீ வாங்கிக் கொடுப்பார்.

அவர் பதிவோட சுருக்கம் இதுதான். 2023-ல நம்ம திருப்போரூர் பக்கத்துக் கம்பெனியோட கண் சொட்டு மருந்து மேல அமெரிக்காக்காரன் போட்ட பழி எல்லாம் வியாபாரச் சதி. நம்ம அரசாங்கமே மாதிரி எடுத்து சோதிச்சதுல கிருமி இல்லைன்னு வந்துருச்சு. "கிளீனிங் வேலிடேஷன்"ங்கறது சின்னக் கம்பெனிகளை நசுக்கறதுக்குன்னே வெள்ளைக்காரன் கண்டுபுடிச்ச காகித விளையாட்டு. தினமும் கழுவறாங்க, கழுவினதை எழுதியும் வைக்கறாங்க, அதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்? கீழ பின்னூட்டத்துல வரிசையா "சூப்பர் தல", "நெத்தியடி", "ரிப்பீட்டேய்".

நான் சாயப்பட்டறைக்காரன். மருந்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் தலைவலி மாத்திரை முழுங்கறதோட சரி. ஆனா கழுவறதைப் பத்தி பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குங்க. பதினெட்டு வருசமா மிஷின் கழுவறதையும் பார்க்கறேன், கழுவினதா எழுதறதையும் பார்க்கறேன். ரெண்டும் வேற வேற சமாச்சாரம்.

ஒரு கதை சொல்றேன். இப்ப இருக்கற பட்டறை இல்ல, முன்னாடி இருந்த இடம். சாஃப்ட் ஃப்ளோ மிஷின்ல ரத்தச் சிவப்பு ஒரு லாட் ஓடி முடிஞ்சுது. அடுத்தது முழு வெள்ளை, 400 கிலோ, குழந்தைங்க உள்பனியனுக்கு. நடுவுல மிஷின் வாஷ். காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்டு 95 டிகிரியில ஓட்டி, டிரெயின் பண்ணி, திரும்பக் கழுவி, ரெஜிஸ்டர்ல "மிஷின் வாஷ் முடிஞ்சது, ஓகே"ன்னு எழுதி கையெழுத்தும் போட்டாச்சு. மூடியைத் தொறந்து நானே டார்ச் அடிச்சுப் பார்த்தேன். எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளன்னு இருந்துச்சு.

காலையில வெள்ளைத் துணி வெளிய வருது. வெள்ளை இல்ல. வெக்கப்பட்ட மாதிரி ஒரு லேசான ரோஸ். அதுவும் துணி முழுக்க இல்ல, அங்கங்க திட்டுத் திட்டா.

ஆளாளுக்குக் கத்தினோம். ஆபரேட்டர் பையன் சத்தியம் பண்றான், கழுவினேன்னு. விசாரிச்சா உண்மையாவே கழுவியிருக்கான். கடைசியில கண்டுபுடிச்சது என்னன்னா, மிஷினுக்குப் பக்கத்துல சாயம் கரைச்சு விடற டேங்க் இருக்கும் இல்லீங்களா, அதுல இருந்து மிஷினுக்கு வர்ற பைப்புல ஒரு வால்வு. கழுவற நேரம் பூரா அந்த வால்வு மூடியே இருந்திருக்கு. பைப்புக்குள்ள நின்ன சிவப்பு அங்கயே நின்னுக்கிட்டு இருந்து, வெள்ளைக்கு மருந்து விடறதுக்காக வால்வைத் தொறந்ததும் நேரா உள்ள போயிருச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, ரெஜிஸ்டர்ல எழுதினது பொய் இல்ல. நான் டார்ச் அடிச்சுப் பார்த்ததும் பொய் இல்ல. கழுவினது நிசம், கண்ணுக்குச் சுத்தமா தெரிஞ்சது நிசம், ஓகே போட்டதும் நல்ல மனசோடதான். மிஷின் மட்டும் சுத்தமா இல்ல.

அந்த 400 கிலோவை என்ன பண்ணினோம்? கருப்புக்கு மாத்திட்டோம். திருப்பூர்ல இது பரம்பரை வைத்தியம். எந்த சேடு கெட்டாலும் கருப்பு ஏத்துக்கும். முதலாளிக்கு நஷ்டம், எனக்கு ரெண்டு நாள் திட்டு, அத்தோட போச்சு.

கண்ணுல விடற மருந்தைக் கருப்புக்கு மாத்த முடியுமாங்க?

பெரியம்மா பையன் ஒருத்தன் புதுச்சேரி பக்கம் மருந்துக் கம்பெனியில தர உறுதித் துறையில இருக்கான். இந்த ரோஸ் பனியன் கதையை அவன்கிட்ட சொன்னப்ப விழுந்து விழுந்து சிரிச்சான். "அண்ணா, இதுக்குத்தான் எங்க ஊர்ல வேலிடேஷன்னு பேரு"ன்னான். அப்புறம் அவன் சொல்லிக் கொடுத்ததையும், அமெரிக்க எஃப்.டி.ஏ 1993-ல தன்னோட ஆய்வாளர்களுக்காகப் போட்ட கையேட்டையும் வெச்சு நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். சதின்னு எழுதற நண்பர்கள் அந்தக் கையேட்டை ஒரு தடவை படிச்சா தேவலை. ஒண்ணும் பெரிய புத்தகம் இல்ல, டீ ஆறறதுக்குள்ள பாதி முடிஞ்சுடும்.

ஒரே மிஷின்ல இன்னிக்கு சர்க்கரை மாத்திரை, நாளைக்கு காய்ச்சல் மாத்திரை ஓடுது. நடுவுல கழுவறாங்க. கழுவின பிறகும் முந்தின மருந்து எவ்வளவு ஒட்டிக்கிட்டு இருக்கலாம்? "துளிகூட இருக்கக் கூடாது"ன்னு நம்மாளு சட்டுன்னு சொல்லிடுவார். அது நடக்காத காரியம். அதனால கணக்குப் போடறாங்க. ரொம்ப காலமா புழங்கற கணக்கு ஒண்ணு: முந்தின மருந்தோட மிகக் குறைஞ்ச டோஸ்ல ஆயிரத்துல ஒரு பங்குக்கு மேல, அடுத்த மருந்தை சாப்பிடறவர் வயித்துக்குள்ள ஒரு நாள்ல போகக் கூடாது. (இப்பெல்லாம் இந்த ஆயிரத்துல ஒரு பங்குக்குப் பதிலா, நச்சியல் ஆட்கள் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியா வரம்பு போட்டுக் கொடுக்கணும்னு ஐரோப்பாவுல 2014-ல வழிகாட்டுதல் வந்து, அந்தப் பக்கம் நகர்ந்துட்டாங்க. ஆனா நமக்குப் புரிய பழைய கணக்கே போதும்.)

உதாரணத்துக்கு முந்தின மருந்தோட குறைஞ்ச டோஸ் 5 மில்லிகிராம்னு வைங்க. ஆயிரத்துல ஒரு பங்கு 0.005 மில்லிகிராம். அடுத்த மருந்து ஒரு நாளைக்கு 2 மாத்திரை. அப்ப ஒரு மாத்திரைக்கு 0.0025. ஒரு பேட்ச் 5 லட்சம் மாத்திரைன்னா மொத்தம் 1,250 மில்லிகிராம், அதாவது ஒண்ணேகால் கிராம். மிஷின்ல மருந்து படற இடம் எல்லாம் சேர்த்து 50 சதுர மீட்டர்னா, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.5 மைக்ரோகிராம். 10-க்கு 10 சென்டிமீட்டர் சதுரத்தைப் பஞ்சுக் குச்சியால ஒத்தி எடுத்தா அதுல 0.25 மில்லிகிராமுக்கு மேல வரக் கூடாது. லேப்ல போய் அளந்து பார்க்கணும். இவ்வளவுதாங்க உங்க காகித விளையாட்டு. எட்டாங்கிளாஸ் கணக்கு.

இதுல ஒரு பொடி வெச்சிருக்கு. அந்த ஒண்ணேகால் கிராம் மிஷின் பூரா பரவி இருந்தாத்தான் இந்தக் கணக்கு செல்லும். எங்க சிவப்பு மாதிரி ஒரே வால்வுக்குள்ள மொத்தமும் உக்காந்திருந்தா? 5 லட்சம் மாத்திரைக்கும் சமமா பிரியாது. முதல்ல வர்ற சில நூறு மாத்திரையில எல்லாம் இறங்கிடும். அதை முழுங்கறவர் யாரோ. அதனாலதான் பஞ்சுக் குச்சியை வழவழன்னு கைக்கு எட்டற இடத்துல தேய்ச்சா செல்லாது. கழுவவே கஷ்டமான இடமா தேடித்தான் தேய்க்கணும்ங்கறாங்க. கேஸ்கெட் இடுக்கு, வால்வு, பைப் முட்டு, கலக்கற பிளேடுக்குப் பின்பக்கம். பால் வால்வு இருந்தா கழுவறது கஷ்டம்னு அந்தக் கையேட்டுலயே போட்டிருக்கான். படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு :-)

"கடைசித் தண்ணி தெளிவா வருதே, அது போதாதா?"ன்னு கேட்பீங்க. கருகின சட்டியைக் கழுவறப்ப ஊத்தின தண்ணி தெளிவா இருக்கான்னா பார்ப்போம், சட்டியைத்தானே பார்ப்போம்ங்கற அர்த்தத்துல எஃப்.டி.ஏ-காரனே எழுதியிருக்கான். எங்க அம்மாவும் இதையேதான் சொல்லும். அதுக்கு எந்த நாட்டுச் சதியும் தேவைப்படல.

அப்புறம் நேரக் கணக்கு. அழுக்கு மிஷின் எத்தனை மணி நேரம் கழுவாம கிடக்கலாம், கழுவின மிஷின் எத்தனை நேரம் வரைக்கும் சுத்தமானதுன்னு நம்பலாம், ரெண்டுக்கும் கெடு வெச்சு அதையும் நிரூபிக்கணும். சனிக்கிழமை ராத்திரி லாட் எறக்கிட்டு மிஷினை அப்படியே போட்டுட்டுப் போனா திங்கக்கிழமை சாயம் காஞ்சு, சனிக்கிழமை போகவேண்டிய கறை சாமானியத்துல போகாது. இது எந்த ஆபரேட்டருக்கும் தெரியும். ஈரமா விட்டா இன்னும் மோசம். சாஃப்ட்னர் கரைச்ச டேங்கை ரெண்டு நாள் கழுவாம விட்டுப் பாருங்க, கை வெச்சா வழவழங்கும், நாத்தம் குடலைப் புடுங்கும். கண்ணுக்குத் தெரியாத ஜென்மங்கள் குடித்தனம் வந்தாச்சுன்னு அர்த்தம்.

சரி, கண் சொட்டு மருந்துக்கு வருவோம்.

அமெரிக்காவுல 2022-லயும் 2023-லயும் சூடோமோனாஸ்னு ஒரு கிருமி, அதுவும் பெரிய பெரிய ஆன்டிபயாடிக்குக்கே மசியாத ரகம், கண்ணுல தொத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் வர ஆரம்பிச்சாங்க. விசாரிச்சுக்கிட்டே போனா பலரும் போட்டது எஸ்ரிகேர்ங்கற செயற்கைக் கண்ணீர். தயாரிச்சது சென்னை குளோபல் பார்மா ஹெல்த்கேர். 2023 பிப்ரவரியில சரக்கைத் திரும்ப எடுத்தாங்க. அந்த வருசம் மே மாசக் கணக்குப்படி 18 மாநிலங்கள்ல 81 பேர். 14 பேருக்குப் பார்வை பாதிச்சுது. 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாச்சு. 4 பேர் செத்துப் போனாங்க. கண்ணு வறட்சிக்கு சொட்டு மருந்து வாங்கினவங்க இவங்க, அவ்வளவுதான்.

எஃப்.டி.ஏ ஆட்கள் பிப்ரவரி கடைசியில திருப்போரூர் வந்து ஆலையைப் பார்த்து 11 குறை எழுதினாங்க. 2020 டிசம்பர்ல இருந்து 2022 ஏப்ரல் வரைக்கும் தயாரிச்சு அனுப்பின சரக்குக்கு, கிருமியில்லாததுன்னு உறுதி சொல்ற மாதிரி தயாரிப்பு முறையே இல்லைன்னாங்க. மருந்துப் பொதிகள் படற பரப்புகளைச் சுத்தம் பண்ணல, கிருமி நீக்கலன்னாங்க. பல தடவை தொறந்து மூடற புட்டிக்குத் தேவையான பதப்படுத்தி சரியா இல்லைங்கறதையும் சொன்னாங்க. அதனால எல்லாப் பழியையும் கழுவாததன் மேல மட்டும் நான் போடல. ஆனா சூடோமோனாஸ்ங்கறது ஈரத்துலயே வாழற ஜந்து. தண்ணிக் குழாய், டிரெயின், காயாத மூலை, இதெல்லாம் அதுக்குத் தாய் வீடு. வழவழன்னு படலம் கட்டிக்கிட்டு உக்காந்துச்சுன்னா மேலாக்க ஊத்தற தண்ணி அதை அசைக்காது.

இப்ப நம்ம பதிவரோட பிரம்மாஸ்திரம்: தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதிச்ச மாதிரிகள்ல கிருமி இல்லையே! ஆமா, 2023 ஏப்ரல்ல அப்படித்தான் செய்தி வந்துச்சு. நான் அந்த சோதனையையும் நம்பறேன். ஆனா அது எதை நிரூபிக்குதுன்னு யோசிங்க. கிருமி இருக்கான்னு பார்க்க ஒரு பேட்ச்ல எடுக்கறது 10 புட்டி, மிஞ்சினா 20. இருபதுன்னே வெச்சுக்குவோம். ஒரு லட்சம் புட்டியில நூத்துக்கு ஒண்ணு கெட்டிருக்கு, அதாவது ஆயிரம் புட்டியில கிருமி. கண்ணை மூடிக்கிட்டு 20 எடுத்தா, இருபதும் நல்ல புட்டியாவே வர்றதுக்கு வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? 0.99-ஐ இருபது தடவை பெருக்கிப் பாருங்க. 82 சதவீதம்! ஆயிரம் பேர் கண்ணுல விஷம், ஆனா பேட்ச் பாஸாக நூத்துக்கு 82 வாய்ப்பு.

என்னோட ரோஸ் துணியும் திட்டுத் திட்டாத்தான் இருந்துச்சு. நல்ல இடத்துல ஒரு கை அகலம் வெட்டி லேபுக்கு அனுப்பியிருந்தா வெள்ளைன்னு சர்டிபிகேட் வந்திருக்கும்.

கடைசியில புட்டியைச் சோதிக்கறதால நிம்மதி வராது, அதனாலதான் மிஷினையும் கழுவற முறையையும் முன்கூட்டியே நிரூபிச்சு வைக்கச் சொல்றான். இதைக் காகித விளையாட்டுன்னு சொல்றவங்க கையில இருக்கறதுதாங்க உண்மையான காகிதம்.

அதே கையேட்டுல 1988-ல நடந்த ஒண்ணு எழுதியிருக்கு. கொலஸ்டிரமைன்னு கொழுப்புக்குக் கொடுக்கற ஒரு மருந்து. அதுல பூச்சிமருந்துச் சரக்கு கலந்து போய் திரும்ப வாங்கினாங்க. எப்படிக் கலந்துச்சு? ஒரு தடவை பயன்படுத்தின கரைப்பானை மீட்டு டிரம்ல வைப்பாங்க. பூச்சிமருந்துப் பக்கம் இருந்த டிரம்மை மருந்துப் பக்கமும் பயன்படுத்தியிருக்காங்க. அதோட முடியல. அந்த மூலப்பொருள் வேற ஊர்ல இருக்கற இன்னொரு ஆலைக்குப் போச்சு. அங்க பொடியை உலர்த்தற மிஷின்ல மாட்டற பைகள்ல பூச்சிமருந்து ஏறிக்கிச்சு, அந்தப் பையில இருந்து அங்க ஓடின மத்த லாட்டுக்கும் போச்சு. அந்த ரெண்டாவது ஆலையில பூச்சிமருந்தே தயாரிக்கறதில்ல! பைன்னா சாமி, பைங்க. துணி என்னத்தையெல்லாம் உள்ள வாங்கி வெச்சுக்கும், எத்தனை கழுவுக்கு அப்புறமும் கக்கும்னு திருப்பூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

"சின்னக் கம்பெனி எங்கய்யா போவான் செலவுக்கு?" இது அடுத்த கேள்வி. இந்தப் பாட்டை நான் எங்க ஊர்லயே கேட்டவன். 2011 ஜனவரி 28-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப, 700-க்கு மேல பட்டறைகள் ஒரேயடியா நின்னுச்சு. அதுக்கு முன்னாடி வருசக்கணக்கா நாங்களும் "சுத்திகரிச்சுத்தான் விடறோம்"னு சொல்லிக்கிட்டேதான் இருந்தோம். ரெஜிஸ்டர் இருந்துச்சு. நொய்யல் வேற நிறத்துல ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரத்துப்பாளையம் அணையில தேங்கினது என்னன்னு கீழ இருக்கற விவசாயியைக் கேளுங்க. கடைசியில கழிவுநீரே வெளிய விடாத ஏற்பாடு செஞ்சு காட்டினவன்தான் திரும்பத் தொறந்தான். செலவு ஆச்சு, பல பேர் காணாமப் போனாங்க, கடன் இன்னும் இருக்கு, அந்த வலி எனக்குத் தெரியும், அதைச் சும்மா சொல்லல. ஆனா அந்தச் செலவு நாங்க பண்ணாதப்பவும் யாரோ கட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க. கிணத்துத் தண்ணியா, தென்னையா கட்டினாங்க.

இன்னொண்ணு. எங்க ஊர்ல குழந்தை உடுப்பு தைக்கற ஏற்றுமதிக் கம்பெனியில மிஷின் ஊசி உடைஞ்சா என்ன நடக்கும் தெரியுமா? உடைஞ்ச துண்டு எல்லாத்தையும் பொறுக்கி, ரெஜிஸ்டர்ல டேப் போட்டு ஒட்டணும். எல்லாத் துண்டும் சேர்ந்து முழு ஊசி ஆனாத்தான் புது ஊசி. ஒரு முனை காணோம்னா அந்த பண்டலையே ஒதுக்கி டிடெக்டர்ல ஓட்டணும். "தேடினேன் சார், கீழ விழுந்திருக்கும்"னா சூப்பர்வைசர் ஒத்துக்க மாட்டார். எழுத்து வேண்டாம், ஊசியைக் காட்டு. சாதாரண டெய்லர் அக்கா தினமும் பண்ற இந்தக் காரியத்தை மருந்துக் கம்பெனி முதலாளியைக் கேட்டா மட்டும் அடக்குமுறையா?

இதுல அமெரிக்காக்காரனையும் நான் சும்மா விடறதா இல்ல. அந்த திருப்போரூர் ஆலைக்கு எஃப்.டி.ஏ ஆய்வாளர் முதல் தடவையா வந்ததே சனங்க கண்ணு போன பிறகுதான். சரக்கு மட்டும் அதுக்கு முன்னாடியே கடைக்கடையா போய்ச் சேர்ந்தாச்சு. எங்க பையர் கூட ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி ஆடிட்டரை அனுப்பி கக்கூஸ் கதவு வரைக்கும் எண்ணிப் பார்ப்பான்.

அவனுக்காவது 81 பேர்னு எண்ணிச் சொல்ல ஒரு துறை இருந்துச்சு. நம்ம தெருமுனைக் கடையில வாங்கற சொட்டு மருந்தால யாருக்காவது கண்ணு போனா யாருங்க எண்ணுவாங்க? "விதி"ம்போம், "ஆபரேசன் சரியில்ல"ம்போம். நான் கொதிக்கறது இதுக்குத்தான். 2025 அக்டோபர்ல காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீசன் கம்பெனியோட கோல்ட்ரிஃப் இருமல் மருந்துல 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைகால்னு நம்ம துறையே சொல்லுச்சு. மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல இருபதுக்கு மேல பிஞ்சுகள் போயிருச்சு. அது கழுவாத கேஸ் இல்ல, மூலப்பொருளைச் சோதிக்காத கேஸ். ரெண்டையும் நான் குழப்பல. ஆனா அதைச் சதின்னு சொல்ல வெளிநாட்டுக்காரன் யாரும் கிடைக்கல பாருங்க. அது நம்ம குழந்தைங்க, நம்ம மருந்து.

கிளீனிங் வேலிடேஷன் வெள்ளைக்காரன் சட்டம்ங்கறதும் தப்பு. நம்ம ஊர் ஷெட்யூல் எம் இருக்கு. 2023 டிசம்பர் 28-ம் தேதி திருத்தி வெளியிட்டதுல, கழுவற முறைகளையும் நிரூபிச்சு வைக்கணும்னு இருக்கு. 250 கோடிக்கு மேல வியாபாரம் பண்றவங்களுக்கு 6 மாசம், அதுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு ஒரு வருசம் டைம் கொடுத்தாங்க. பத்தலைன்னு கேட்டு மனுப் போட்டவங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிச்சாங்க. அந்தக் கெடுவும் முடிஞ்சாச்சு. இப்ப சின்னக் கம்பெனி, பெரிய கம்பெனி எல்லாருக்கும் அதுதான் சட்டம். "நசுக்கறாங்க"ன்னு எழுதற நண்பர் இதுல எந்த வரியை எடுக்கணும்ங்கறார்? பஞ்சுக் குச்சியையா, வால்வையா, கணக்கையா? பேர் சொல்லி எழுதட்டும், பேசுவோம்.

எனக்கு இன்ஸ்பெக்டர்கள்கிட்ட ஒரே ஒரு ஆசை. ஆலைக்குள்ள போனதும் ரெஜிஸ்டரைக் கேட்காதீங்க. அது அழகா இருக்கும், எங்களுதும் அழகாத்தான் இருந்துச்சு. கழுவி முடிச்ச மிஷின்கிட்ட நேரா போங்க. இங்க கழுவறதுக்கு ரொம்பக் கஷ்டமான இடம் எதுன்னு ஆபரேட்டரைக் கேளுங்க, முதலாளியை இல்ல. அவருக்குத் தெரியும். அந்த இடத்தைக் கழட்டச் சொல்லுங்க.

டிஸ்கி 1: எங்க பட்டறையில இப்பெல்லாம் அடர் சேடுல இருந்து வெள்ளைக்கு மாத்தறதுக்கு முன்னாடி, பக்கத்து டேங்க் வால்வையும் தொறந்து விட்டு, ஒரு முழம் வெள்ளைத் துணியை வெந்நீர்ல அரை மணி நேரம் ஓட்டி, அந்தத் துணியையே ரெஜிஸ்டர்ல ஒட்டறோம். "ஓகே"ன்னு எழுதறதை நிறுத்தியாச்சு.

டிஸ்கி 2: நண்பர் கோவிச்சுக்காம பின்னூட்டத்துக்கு வரணும். டீ என் செலவு.